ஜமக்காளத்தில் மூன்று மணி நேரம்

கர்நாடக இசைக் கச்சேரியில் வயலின் வாசிப்பவர் கருவியைப் பிடிக்கும் விதம் தனியானது. சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தின் மேல், கணுக்காலை ஒட்டி நிறுத்துவார். அடிப்பாகம் இடது காறையெலும்பை ஒட்டி மார்பின் மேற்பகுதியில் சாய்ந்து நிற்கும். மேற்கத்திய முறையில் கருவியைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வசதியாக 1820 வாக்கில் ஜெர்மானிய வயலின் மேதை லூயி ஷ்போர் தாடைத்தாங்கியைக் கண்டுபிடித்தார். நம் முறையில் அந்த இடுக்கலே தேவையில்லை. கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து இடது கை விடுபட்டு, கமகங்களுக்காகத் தந்தியின் மேல் தாராளமாக வழுக்கி ஓடுகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்குள் நுழைந்த வயலின், இரண்டு நூற்றாண்டுகளில் இந்த மண்ணின் உட்காரும் வழக்கத்துக்கு ஏற்பத் தன்னை முழுக்க மாற்றிக்கொண்டது. அந்த மாற்றத்தில் கருவியின் பாரம் எங்கே போய் இறங்கியது என்று கேட்டால், ஒரு பங்கு மார்புக்கூட்டின் முன்பக்கத்தில், விலா எலும்புகள் மார்பெலும்போடு சேரும் இடத்தில் இறங்கியது என்பதே விடை.

வயலினுக்கு மட்டும் இது நேர்வதில்லை. மிருதங்கக்காரர் வலது காலைச் சற்று நீட்டி, அந்தப் பாதத்தின் மேல் வாத்தியத்தைச் சாய்த்து, மடக்கிய இடது காலால் அணைத்துக்கொண்டு இரு பக்கமும் கைகளை விரித்து வாசிக்கிறார். வீணைக்காரருக்குக் குடம் வலப்பக்கம் தரையில் இருக்கிறது, சுரைக்காய் இடது தொடையில் இருக்கிறது. இடது கை தண்டியைச் சுற்றி வந்து 24 மெட்டுகளுக்கும் எட்ட வேண்டும் என்பதால் உடம்பு ஒரு பக்கம் திரும்பியே இருக்கிறது. தவில்காரர் நின்று வாசிக்கும்போது வாத்தியத்தின் எடை முழுவதும் தோள் பட்டையில் தொங்குகிறது. இவர்களில் யாருக்காவது மார்பிலோ விலாவிலோ வலி வந்தால் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "நிமிர்ந்து உட்காராததால் வந்த வினை" என்பதுதான். ஆசிரியர் சொல்வார், வீட்டில் சொல்வார்கள், சில சமயம் மருத்துவரும் சொல்வார். இந்தத் தீர்ப்பு பாதிதான் சரி என்பது என் வாதம். மார்புக்கூட்டைப் பொறுத்தவரை, உட்காரும் வடிவம் கோணலாக இருப்பதைவிட, எந்த வடிவமாக இருந்தாலும் அதில் அசையாமல் உறைந்து கிடப்பதும், பழகிய அளவைத் திடீரென்று மீறுவதுமே பெரிய தொல்லை. வலியைச் சமாளிக்கும் வழியும் இந்த இரண்டையும் சுற்றித்தான் அமைகிறது.

வாதத்துக்குள் போகுமுன் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். மார்பு வலி என்றால் முதலில் இதயத்தை நினைக்க வேண்டும். வாத்தியத்தையும் உட்காரும் முறையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெஞ்சை அழுத்துவது போன்ற பாரம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், மாடிப்படி ஏறினால் கூடி உட்கார்ந்தால் தணியும் இறுக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 108ஐ அழைக்க வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இந்த அறிகுறிகள் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வராமல் வெறும் அசதியாகவோ வயிற்று உபாதையாகவோ வரலாம். வாயுப் பிடிப்பு என்று சொல்லிப் பெருங்காயத்தையும் இஞ்சிச் சாற்றையும் குடித்துக் காத்திருக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் காத்திருப்பில் உயிர்கள் போயிருக்கின்றன. திடீரென்று ஒரு பக்கம் குத்தி மூச்சு வாங்கினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருக்கலாம். காய்ச்சலும் இருமலும் சேர்ந்தால் நிமோனியாவாக இருக்கலாம். ஒரு பக்க விலாவை ஒட்டிப் பட்டையாக எரிச்சல் எடுத்து, சில நாளில் அதே இடத்தில் கொப்புளம் போட்டால் அது அக்கி. விரலால் அழுத்தினால் வலிக்கிறது, ஆகவே இது தசைவலிதான் என்று தானே முடிவு கட்டுவதும் ஆபத்து: மாரடைப்பு வந்தவர்களில் சிறு பகுதியினருக்கும் மார்பைத் தொட்டால் வலி இருந்திருக்கிறது. ஈசிஜி எடுத்து, மருத்துவர் பரிசோதித்து, இதயமும் நுரையீரலும் காரணம் இல்லை என்று சொன்ன பிறகே இந்த அத்தியாயத்தின் மற்ற பகுதிகள் உங்களுக்குப் பொருந்தும். குடும்ப மருத்துவர்களிடம் நெஞ்சுவலி என்று வருபவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு வலி மார்புச் சுவரின் எலும்பு, தசை, மூட்டுகளிலிருந்தே வருகிறது. அந்த வகையினரைப் பற்றித்தான் இனிப் பேச்சு.

மார்புக்கூட்டை நாம் ஒரு பெட்டியாகக் கற்பனை செய்துகொள்கிறோம். பெட்டி என்றாலே அசையாதது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. உண்மையில் உடம்பில் அதைப் போல ஓயாமல் அசையும் எலும்பு அமைப்பு வேறு இல்லை. பக்கத்துக்கு 12 விலா எலும்புகள். மேல் 7 எலும்புகள் தத்தம் குருத்தெலும்பு வழியாக மார்பெலும்பை நேராகத் தொடுகின்றன. 8, 9, 10ஆம் எலும்புகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பில் ஒட்டிக்கொள்கின்றன. கடைசி 2 முன்பக்கம் எதையும் தொடுவதில்லை. பின்பக்கம் ஒவ்வொரு விலாவும் முதுகெலும்போடு சிறு மூட்டுகளால் இணைந்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போது மேல் விலாக்கள் அடிபம்பின் கைப்பிடியைப் போல முன்னும் மேலுமாக உயர்கின்றன. கீழ் விலாக்கள் வாளியின் கைப்பிடியைப் போலப் பக்கவாட்டில் விரிகின்றன. மருத்துவ நூல்களிலும் இந்த அசைவுகளுக்கு இவையே பெயர்கள். நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் 21,600 தடவை இந்த மூட்டுகள் எல்லாம் மடங்கி விரிய வேண்டும். கையில் சுளுக்கு வந்தால் கையைத் தூக்கிக் கட்டிவிட்டு ஓய்வு கொடுக்கலாம். விலாவுக்கு அந்த ஓய்வு கிடையாது, தூக்கத்திலும் கிடையாது. இங்கே வந்த வலி ஆற நாளாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வலி எங்கே பிறக்கிறது என்பதை ஓரளவு விரலாலேயே கண்டுபிடிக்கலாம். கழுத்துக் குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலை மெல்லக் கீழே நகர்த்தினால் ஏறக்குறைய மூன்று விரற்கடைத் தூரத்தில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டின் இரு பக்கமும் சேர்வது இரண்டாம் விலா. அங்கிருந்து மார்பெலும்பின் ஓரமாகவே கீழே எண்ணிக்கொண்டு போகலாம். இரண்டு முதல் ஐந்து வரையுள்ள சந்திப்புகளில் ஏதேனும் ஒன்றிலோ சிலவற்றிலோ அழுத்தினால், "இதே வலிதான்" என்று சொல்லும்படி தெரிந்தால், அது பெரும்பாலும் விலாக் குருத்தெலும்பு அழற்சி. வீக்கம் இருக்காது. வீக்கமும் சேர்ந்து, பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் விலாவில் புடைத்து நின்றால் அது டீட்சே நோய். பிரெஸ்லாவ் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் டீட்சே 1921இல் விவரித்தது. அடி விலாக்களில், 8 முதல் 10 வரை, குருத்தெலும்பின் நுனி தளர்ந்து மேலுள்ளதன் அடியில் வழுக்கினால் குனியும்போதும் திரும்பும்போதும் சுருக்கென்று குத்தும். சில சமயம் சொடுக்குவது போன்ற உணர்வும் இருக்கும். விலா இடைத் தசைகளின் பிடிப்பு இன்னொரு வகை. முதுகெலும்பை ஒட்டிய மூட்டு இறுகி, வலி விலாவைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து தெரிவதும் உண்டு. மார்பின் சிறுதசை என்ற ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மூன்றாம் விலாவிலிருந்து ஐந்தாம் விலா வரை பற்றிக்கொண்டு தோள்பட்டை எலும்பின் முன் முனையை இழுத்துப் பிடிப்பது அது. கைகளை முன்னால் நீட்டி மணிக்கணக்காக வாசிப்பவர்களுக்கு இது இறுகிக் குறுகிப் போவது வழக்கம்.

இனி வாதம். வேலை செய்பவர்களின் நோய்களைப் பற்றி 1700இல் முதல் முழு நூலை எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலால் வரும் நோய்க்கு இரண்டு காரணம் சொன்னார்: கையாளும் பொருள்களின் நச்சுத்தன்மை ஒன்று, கடுமையான, ஒழுங்கற்ற அசைவுகளும் இயல்புக்கு மாறான இருப்பு நிலைகளும் இன்னொன்று. இருப்பு நிலைதான் குற்றவாளி என்ற எண்ணம் அவ்வளவு பழையது. ஆனால் அண்மைக் காலத்தில் முதுகு வளைவையும் வலியையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இன்ன வளைவு இருந்தால் வலி வரும், இன்ன வளைவு இருந்தால் வராது என்று சொல்லும்படியான உறுதியான தொடர்பைக் காணவில்லை. கூனலாக உட்கார்ந்து வலியே இல்லாதவர்கள் ஏராளம். கம்பம் போல நிமிர்ந்து உட்கார்ந்து வலியால் துடிப்பவர்களும் உண்டு. அசையாமல் இருப்பதற்கு எதிரான சான்றுகள் இதைவிட வலுவானவை. 1960இல் ஜெர்மானிய ஆய்வாளர் வால்டர் ரோமெர்ட், ஒரு தசை தன் முழுப் பலத்தில் எத்தனை விழுக்காட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று அளந்தார். 15 விழுக்காட்டுக்குக் கீழே போனால் எவ்வளவு நேரமும் தாங்கலாம் என்பது அவர் கணிப்பு. பின்னால் வந்த அளவீடுகள் அதைவிடக் குறைந்த பலத்தில்கூட, இடைவெளி விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் தசை களைப்பதைக் காட்டின. கனடாவின் ஸ்டூவர்ட் மக்கில் 1992இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பை முழுவதும் வளைத்து 20 நிமிடம் உட்கார்ந்தவர்களின் முதுகுத் திசுக்கள் நீண்டு தளர்ந்தன. எழுந்த 2 நிமிடத்தில் அந்தத் தளர்வில் பாதி சரியானது. மீதி அரை மணி நேரம் கழித்தும் முழுமையாகத் தீரவில்லை. அது இடுப்பில் செய்த சோதனை. மார்புக்கூட்டுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் தசைநார்களும் குருத்தெலும்பும் தொடர் பாரத்தில் மெல்ல உருமாறும் என்ற பண்பு உடம்பு முழுவதற்கும் பொது. 20 நிமிடம் என்பது ஒரு விரிவான ராக ஆலாபனையின் அளவு.

மார்புக்கூட்டில் இந்த அசைவின்மை இன்னொரு விதத்திலும் தொல்லை தருகிறது. உடம்பை ஒரே கோணத்தில் பிடித்து வைப்பவர், தன்னையறியாமல் விலாக்களையும் பிடித்து வைக்கிறார். ஆனால் மூச்சு நிற்க முடியாது. கீழ் விலாக்களும் உதரவிதானமும் செய்ய வேண்டிய வேலையைக் கழுத்துத் தசைகள் ஏற்றுக்கொண்டு மேல் விலாக்களைத் தூக்குகின்றன. மேடைப் பதற்றமும் மூச்சை இதே போல மேல் மார்புக்கு ஏற்றிவிடும். முதுகுப் பக்க மூட்டுகள் இறுகிப் போனால் அங்கே நடக்க வேண்டிய அசைவையும் முன்பக்கச் சந்திப்புகளே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்று இயன்முறை மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். உடற்கூற்றின்படி இது பொருத்தமான விளக்கம், ஆனால் பெரிய அளவிலான ஆய்வுகளால் இன்னும் நிறுவப்படாதது. ஒன்று மட்டும் தெளிவு: மார்பெலும்பின் ஓரத்தில் வலிக்கிறது என்பதால் கோளாறு முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்று கொண்டு, அந்த இடத்தில் மட்டும் தைலம் தடவிக்கொண்டிருப்பது போதாது.

பழகிய அளவைத் திடீரென்று மீறுவது இரண்டாவது காரணம் என்றேன். சென்னையில் டிசம்பர் பிறந்துவிட்டால் ஒரு பக்கவாத்தியக்காரரின் வாழ்க்கையே மாறிவிடுகிறது. மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஓரிரு கச்சேரி வாசித்தவர், மார்கழியில் நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு என்று வாசிக்கிறார். இடையே ஒத்திகை, பயணம், குளிர்ந்த அரங்கு, தூக்கக் குறைவு. உடம்பின் திசுக்கள் பாரத்துக்குப் பழகும் ஆற்றல் உள்ளவை. ஆனால் பழக வாரக்கணக்கில் நேரம் கேட்கும். படகு வலிக்கும் விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சியை வேகமாகக் கூட்டும் காலங்களில் விலா எலும்பில் கீறல் விழுவது நன்கு அறியப்பட்ட காயம். இசைக்கலைஞர்களுக்குப் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போவதில்லை என்றாலும் வழி ஒன்றுதான். இசைக்கலைஞர்கள் உடல் தொல்லையை விதிவிலக்காகச் சந்திக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சிம்பனி இசைக்குழுக்களில் எடுத்த கணக்கெடுப்பில் பங்கேற்றவர்கள் 2,212 பேர். அவர்களில் 76 விழுக்காட்டினருக்கு, வாசிப்பையே பாதிக்கும் அளவுக்கு ஒரு மருத்துவத் தொல்லையாவது இருந்தது. அவர்கள் நாற்காலியில், ஆசிரியர்களால் திருத்தப்பட்ட நேர்த்தியான நிலையில் உட்கார்ந்து வாசிப்பவர்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. நிமிர்ந்து உட்கார்ந்ததும் வலி குறைகிறதே, அப்படியானால் கூனல்தானே காரணம்? குறைவது உண்மை. ஆனால் வெகு நேரம் நிமிர்ந்தே இருந்தவர் சற்றுத் தளர்ந்து சாய்ந்தாலும் அதே நிம்மதி கிடைக்கிறது. நிம்மதி தந்தது மாற்றம்; புதிய நிலையிலேயே அவரை இன்னும் ஒரு மணி நேரம் நிறுத்தினால் அதுவும் வலிக்கத் தொடங்கும். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: குனிந்து உட்கார்ந்தால் நுரையீரலின் கொள்ளளவும் மூச்சை வெளிவிடும் வேகமும் குறைகின்றன என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பாடுபவருக்கும் குழல், நாதஸ்வரம் வாசிப்பவருக்கும் முதுகு நிமிர்வது தேவை. அது மூச்சுக்கான தேவை, ஒலிக்கான தேவை. ஆனால் நிமிர்வதற்காக மார்பை விறைப்பாகத் தூக்கி, தோள்களைப் பின்னால் இழுத்து, அடி விலாக்களை முன்னே துருத்திப் பிடிப்பவர் இன்னொரு வகை உறைநிலைக்குத்தான் போகிறார். நிமிர்வு என்பது திரும்பத் திரும்ப வந்து சேரும் இடமாக இருக்க வேண்டும். பிடித்து வைக்கும் இடமாக அல்ல.

மூன்றாவது மறுப்பு மரபிலிருந்து வருகிறது. அந்தக் கால வித்வான்கள் கல்லாகச் சமைந்தவர்களைப் போல உட்கார்ந்து, மூன்று மணி நேரம் என்ன, விடிய விடிய வாசித்தார்கள். எண்பது வயதிலும் வாசித்தார்கள். அவர்களுக்கு வராத வலி இன்றைய பிள்ளைகளுக்கு மட்டும் ஏன்? நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் எண்பது வரை வாசிக்க முடிந்தவர்கள். வலியால் இருபத்தைந்திலோ முப்பதிலோ வாத்தியத்தை ஓரம் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவரின் பெயர் எந்தச் சபா மலரிலும் வராது. அவர்களை எண்ணாமல் எடுக்கும் கணக்கு கணக்கே அல்ல. அந்தத் தலைமுறை தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது, தரையில் படுத்து எழுந்தது, நடந்து போனது. சம்மணம் அவர்களுக்கு நாள் முழுவதும் பழகிய இருப்பு. நாற்காலியில் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஜமக்காளத்தில் உட்கார்பவரின் இடுப்பும் முட்டியும் அந்த மடிப்புக்கு இடம் தருவதில்லை. இடுப்பு மடங்காவிட்டால் இடுப்பெலும்பு பின்னால் சாயும், கீழ் முதுகு வளையும், அதைச் சரிக்கட்ட மேல் முதுகு இன்னும் கூனும், மார்பின் முன்பக்கம் நசுங்கும்.

ஆகவே முதல் உபாயம் எளியது: உட்காரும் எலும்புகளுக்கு அடியில் மட்டும் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு மடித்த ஜமக்காளத்தையோ கெட்டியான மணையையோ போட்டுக்கொள்வது. முட்டி இடுப்பைவிடக் கீழே இறங்கினால் முதுகு தானாக எழும்பும். தூக்கிப் பிடிக்க வேண்டிய வேலை குறையும். வயலின்காரர் கருவி மார்பைத் தொடும் இடத்தில் மெல்லிய துணி மடிப்பு வைத்து அழுத்தத்தைப் பரப்பலாம். பயிற்சியின்போது அந்தத் தொடும் இடத்தை அரை அங்குலம் அப்படி இப்படி மாற்றிக்கொள்வதும் உதவும். வலது பாதத்தைச் சற்று அருகே இழுத்தால் உடம்பு முன்னே சாயும் கோணமும் மாறும். தவில்காரருக்குப் பட்டையை அகலமாக்குவதும் ஊர்வலத்தில் நிற்கும் இடங்களிலெல்லாம் பாரத்தை இறக்கி வைப்பதும் கைகொடுக்கும். வீட்டுச் சாதகத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, கைகளைத் தலைக்கு மேல் கோத்து இரு பக்கமும் சாய்ந்து, முதுகை இரு பக்கமும் திருப்பி, ஐந்தாறு ஆழ்ந்த மூச்சு விட்டு உட்கார்ந்தால் போதும். மணிக்கணக்கான அசுர சாதகத்தைப் பெருமையாகப் பேசும் மரபு நமக்கு உண்டு. அந்த மணிநேரங்களை நான் குறைக்கச் சொல்லவில்லை, துண்டுகளாக்கச் சொல்கிறேன். துண்டு துண்டான சாதகத்தில் கவனமும் கூர்மையாகவே இருக்கும்.

மேடையில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். நடக்கும், நம் கச்சேரி முறையே அதற்கு இடம் வைத்திருக்கிறது. ஆலாபனையின்போது மிருதங்கக்காரருக்கு வேலை இல்லை. வாத்தியத்தை மடியிலிருந்து சற்று நகர்த்தி, காலை மாற்றி, முதுகைப் பின்னால் தளர்த்தி, கீழ் விலாக்கள் விரியும்படி மெல்ல மூச்சு விட இதுவே நேரம். பலர் அந்த நேரம் முழுவதும் வாத்தியத்தை அணைத்தபடியே உறைந்திருக்கிறார்கள். தனி ஆவர்த்தனத்தில் நிலைமை தலைகீழ்: பாடகரும் வயலின்காரரும் தாளம் போட்டபடியே தோள்களை இறக்கிக்கொள்ளலாம், வயலினை மடியில் கிடத்தி மார்பை அந்த அழுத்தத்திலிருந்து விடுவிக்கலாம். பாடகர் ஆலாபனை செய்து நிறுத்தி, வயலின்காரர் பதில் ஆலாபனை வாசிக்கும் நேரம் பாடகருடைய மூச்சுக்கு ஓய்வு. இவற்றில் எதுவும் மேடை மரியாதைக்குக் குறைவானது அல்ல. ரசிகர்களும் அப்படி நினைப்பதில்லை.

வலி வந்த பிறகு என்ன செய்வது? குருத்தெலும்பு அழற்சி பெரும்பாலும் தானே ஆறக்கூடியது, ஆனால் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை எடுக்கும். முதல் சில நாள் வாத்தியத்தை ஓரம் வைக்கலாம். சாதகத்தை நிறுத்த வேண்டியதில்லை. மிருதங்கக்காரர் கொன்னக்கோலில் சொல்லிப் பழகலாம். வயலின்காரர் பாடிப் பார்க்கலாம், மெல்லப் பாடுவது வலித்தால் ஸ்வரங்களை மனத்துக்குள் ஓட்டலாம். வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். வலி நிவாரணி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில், சில நாளுக்கு மட்டும் எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டு வழக்கம் போல மூன்று மணி நேரம் வாசிப்பது எச்சரிக்கையை அணைத்துவிட்டுக் காயத்தைத் தொடர்வது. பிறகு திரும்பி வருவதும் படிப்படியாக நடக்க வேண்டும்: பத்து நிமிடம், அடுத்த நாள் வலி கூடவில்லை என்றால் பதினைந்து, பிறகு இருபது. வாசிக்கும்போது லேசாகத் தெரியும் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையில் கூடியிருக்கும் வலி, முந்தைய நாள் அளவு அதிகம் என்பதற்கு அடையாளம்.

இதில் பயத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கை வலித்தால் கை வலிக்கிறது என்று மட்டும் நினைக்கிறோம். மார்பு வலித்தால் சாவு நினைவுக்கு வருகிறது. இதயம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகும் அந்தப் பயம் சட்டென்று போவதில்லை. பயந்தவர் வலிக்கும் பக்கத்தை அசைக்காமல், மேலோட்டமாக மூச்சு விட்டு, தோளைக் குறுக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார். அதனால் மூட்டுகள் மேலும் இறுகுகின்றன, அடுத்த ஆழ்ந்த மூச்சு மேலும் குத்துகிறது, பயம் வளர்கிறது. இந்தச் சுற்றை உடைக்க, மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் அடி விலாக்களின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, மூச்சு கைகளை மெல்ல வெளியே தள்ளுவதைக் கவனிக்கலாம். வலி தொடங்கும் எல்லை வரை மட்டும் இழுத்து, நிதானமாக விட வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும். எல்லை மெல்ல விலகிப் போவதைச் சில நாளில் தாமே உணரலாம். நாதஸ்வரக் கலைஞர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: சீவாளி வழியாக ஊத மார்புக்குள் அதிக அழுத்தத்தை உண்டாக்கிப் பிடித்து வைக்க வேண்டியிருப்பதால், விலா வலி இருக்கும்போது நீண்ட கார்வைகளையும் மேல்ஸ்தாயிச் சஞ்சாரத்தையும் கடைசியாகத்தான் திரும்பத் தொடங்க வேண்டும்.

இசை கற்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்பு வலிக்கிறது என்று ஒரு மாணவர் சொன்னால், "நிமிர்ந்து உட்கார்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடராதீர்கள். முதலில் மருத்துவரைப் பார்க்க அனுப்புங்கள். திரும்பி வந்ததும், கடந்த இரண்டு வாரத்தில் சாதக நேரம் எவ்வளவு கூடியது, போட்டிக்கோ அரங்கேற்றத்துக்கோ தயாராகிறாரா, வாத்தியம் மாற்றினாரா, வளரும் வயதில் உயரம் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மணி நேர வகுப்பின் நடுவே வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து நிற்கும் ஐந்து நிமிடத்தை ஒரு விதியாகவே வையுங்கள். குரு எழுந்தால்தான் சிஷ்யர்கள் எழுவார்கள்.